பன்னிரண்டு சீட்டும் ஒரு பிள்ளையார் சுழியும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது, வானத்தைத் துண்டு துண்டாக அறுத்துத் தரையிலே பதித்தாற்போல் விரிந்து கிடக்கும் உப்புப் பாத்திகளையும், வரப்புகளின் மேல் கூம்பு கூம்பாகக் குவிந்திருக்கும் வெள்ளை அம்பாரங்களையும் ஜன்னல் வழியே கண்டு, ஒரு நிமிஷம் வியந்து, மறுநிமிஷமே மறந்துவிடுவது வழக்கம். சிறுபாணாற்றுப்படை பாடிய எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்லக் கேட்டிருந்தும், பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கிலிருந்து நெடுந்தூரம் நடந்து வந்து இங்கேதான் ஓய்கிறது என்று படித்திருந்தும், நானும் பல வருஷங்கள் அவ்வாறே மறந்துவந்தேன். சென்ற மாசி மாதத்தில் நான் வந்த பஸ் உப்பளங்களுக்கு நடுவே பழுதாகி நின்றிராவிட்டால் இந்தக் கட்டுரைக்கும் இடமிருந்திராது.

நிழல் தேடி நான் ஒதுங்கிய கீற்றுக் கொட்டகையில், விடியுமுன்பே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்ட பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கணுக்கால்களில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பொரிந்திருந்தது. நடுவிலே ஒரு பவுடர் டப்பா. அவர்களுக்குள் நடக்கும் குலுக்கல் சீட்டின் முதல் மாதம் அது என்று பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஏலமும் இல்லை, கழிவும் இல்லை. பன்னிரண்டாயிரத்தையும் அந்த மாதத்துச் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவள் எடுத்துக்கொள்வாள். எடுத்தவள் மீதி மாதங்களில் பணம் கட்டுவாளேயொழியக் குலுக்கலில் கைவிடமாட்டாள். ஒரே அளவில் கிழித்து ஒரே விதமாக மடித்த பன்னிரண்டு காகிதங்களில் ஒன்றில் மட்டும் பிள்ளையார் சுழி. மற்றவை வெற்றுச் சீட்டுகள். ஏற்பாடு இவ்வளவு தெளிவாக இருந்தும், யார் முதலில் எடுப்பது என்பதிலே வழக்கு முளைத்துவிட்டது.

“முதல்ல கை விடறவளுக்குத்தான் யோகம். சுழி உள்ளதான் கெடக்குதுன்னு நிச்சயமாத் தெரியும். பின்னால வர்றவளுக்கு அது மிஞ்சியிருக்கும்னு என்ன உறுதி?” என்றாள் இளையவள் ஒருத்தி.

“போடி இவளே! முதல்ல எடுக்கறவளுக்குப் பதினோரு வெத்துச் சீட்டு குறுக்க நிக்குது. ஆளுக்கொண்ணா வெத்த எடுத்துட்டுப் போனீங்கன்னா, கடைசியில கெடக்கறது சுழிதான?” என்றார் எல்லாருக்கும் மூத்த ஆயா.

இரண்டு வாதங்களும் கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. “சார், நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க” என்று வழக்கு என்னிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இதே கணக்கைப் பரீட்சையில் தப்பாகச் செய்து, இரண்டாவது ஆளுக்குப் பதினொன்றில் ஒன்று என்று எழுதி மார்க்கை இழந்தவன் நான் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

யதேச்சையாக நடக்கும் ஒரு சம்பவம் நேர்வதற்குள்ள வாய்ப்பை ஒரு பின்னமாகச் சொல்வதற்குக் கணித சாஸ்திரத்தில் நிகழ்தகவு என்று பெயர். நேரக்கூடிய வகைகள் மொத்தம் எத்தனை, அவற்றில் நமக்குச் சாதகமானவை எத்தனை என்று எண்ணி, பின்னதை மேலேயும் முன்னதைக் கீழேயும் எழுதிவிட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் எல்லா வகைகளும் சம வாய்ப்புடையவையாக இருக்கவேண்டும் என்ற ஒரு நிபந்தனை உண்டு, இந்த விஷயத்தின் கஷ்டமும் ஸ்வாரஸ்யமும் முழுவதும் அந்த நிபந்தனைக்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. முதலில் எடுப்பவளுக்கு 12 சீட்டுகளில் ஒன்று சாதகம். ஆகவே அவளுடைய வாய்ப்பு 1/12. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது எடுப்பவளுக்குச் சுழி கிடைக்கவேண்டுமானால் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தாக வேண்டும்: முதலாமவள் வெற்றுச் சீட்டை எடுக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு 11/12, பிறகு மீதமுள்ள 11 சீட்டுகளில் சுழியை இவள் எடுக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு 1/11. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டியிருப்பதால் இவற்றைப் பெருக்க வேண்டும். மேலே இருக்கும் பதினொன்றும் கீழே இருக்கும் பதினொன்றும் அடிபட்டுப்போக, மிஞ்சுவது 1/12. மூன்றாமவளுக்கு 11/12, 10/11, 1/10 என்ற மூன்றையும் பெருக்கினால், அடுத்தடுத்த எண்கள் ஒன்றையொன்று தின்றுவிட, அங்கேயும் 1/12. இப்படியே போய், கடைசியில் மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளும் ஆயாவுக்கும் அதே 1/12.

இளையவள் சொன்னதும் உண்மை, ஆயா சொன்னதும் உண்மை. இருவரும் சொன்னவை பாதிப் பாதி உண்மைகள். பின்னால் வருகிறவளுக்குச் சுழி போய்விடும் அபாயம் உண்டு. ஆனால் போகாமலிருந்தால் அவளுக்குப் போட்டி குறைவு. அபாயத்தால் குறைவதும் போட்டிக் குறைவால் கூடுவதும் ஓர் இம்மிகூடப் பிசகாமல் சரிக்குச் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன. பெருக்கல் வேண்டாம் என்கிறவர்கள் இப்படிப் பார்க்கலாம்: எல்லாரும் எடுத்து முடித்து, யாரும் பிரிக்காமல் கையை மூடி வைத்திருக்கும் அந்த விநாடியில் பன்னிரண்டு மூடிய கைகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்றில் சுழி இருக்கிறது, எந்தக் கை முதலில் மூடியது என்பது உள்ளேயிருக்கும் காகிதத்துக்குத் தெரியுமா?

மூடிய கை என்று சொன்னேனே, அதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். எடுக்க எடுக்கவே பிரித்துப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால் காட்சி மாறிவிடுகிறது. முதல் ஆறு பேர் பிரித்து, ஆறும் வெற்றுச் சீட்டாகப் போனால், ஏழாமவளுடைய வாய்ப்பு 1/6 ஆக உயர்ந்துவிடும். நான்காமவள் கையில் சுழி வந்துவிட்டாலோ, அவளுக்குப் பின்னால் இருக்கும் எட்டுப் பேருடைய வாய்ப்பும் சூன்யம். டப்பாவுக்குள் கிடக்கும் காகிதம் ஒன்றும் மாறவில்லை. மாறியது நம்முடைய அறிவு. நாம் எவ்வளவு அறியாமல் இருக்கிறோமோ அதன் அளவைத்தான் அந்தப் பின்னம் சொல்கிறது. ஆகையால் ஒவ்வொரு சீட்டைப் பிரிக்கும்போதும் அது மாறத்தான் வேண்டும். குலுக்கலில் நியாயம் என்பது எல்லாருக்கும் சமமான அதிர்ஷ்டம் அன்று, எல்லாருக்கும் சமமான அறியாமை என்பதே என் அபிப்பிராயம்.

வட்டத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். “மொத மூணு மாசத்துக்குள்ள எங்க வூட்டுக்கு ஒண்ணாவது வருமா சார்? கூரை மாத்தணும்” என்று மருமகள் கேட்டாள். இது முந்திய கேள்வியைவிட ஒரு படி நுட்பமானது. ஒருத்திக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் விழ 3/12, அதாவது கால் பங்கு வாய்ப்பு. இரண்டு பேர் இருப்பதால் காலும் காலும் அரை என்று நாக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடும். ஆனால் இரண்டு பேருக்குமே அந்த மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிற சந்தர்ப்பத்தை அந்த அரையில் இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அந்தச் சந்தர்ப்பத்தின் அளவு, 3/12-ஐ 2/11-ஆல் பெருக்கினால் வரும் 1/22. அதை ஒரு தடவை கழித்தால் 5/11. வேறு வழியாகவும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். “ஒன்றாவது” என்ற சொல் வந்தால், “ஒன்றுமே இல்லை” என்பதைக் கண்டுபிடித்து முழுமையிலிருந்து கழிப்பதே சுலபம் என்பது இந்தச் சாஸ்திரத்தில் பழகியவர்கள் கையாளும் உபாயம். மூன்று மாதமும் மற்றப் பத்துப் பேருக்கே விழ வாய்ப்பு 10/12, 9/11, 8/10 ஆகியவற்றின் பெருக்கல், அதாவது 6/11, மிச்சம் 5/11. இரண்டு பாதைகளும் ஒரே வாசலில் வந்து சேர்ந்தால் கணக்குப் போட்டவனுக்கு உண்டாகும் நிம்மதி சாதாரணமானதல்ல. பாதிக்குச் சற்றுக் குறைவு என்று மருமகளிடம் சொன்னேன். கூரைக்காரனிடம் இப்போதே பேச வேண்டாம் என்று மாமியார் தீர்மானித்துவிட்டார்.

சீட்டு விழுந்தவளை அடுத்த மாதம் விலக்கிவைக்கும் விதியின் அருமை, அந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் விளங்கும். ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு பேரும் கைவிட்டால், ஒருத்திக்கு ஒரு மாதத்தில் விழாமற்போக வாய்ப்பு 11/12. பன்னிரண்டு மாதமும் விழாமற்போக அந்தப் பின்னத்தைப் பன்னிரண்டு தடவை பெருக்க வேண்டும். வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 35. அதாவது வருஷம் முழுவதும் ஒழுங்காகப் பணம் கட்டிவிட்டுச் சராசரியாக நான்கு பேர் வெறுங்கையோடு போக வேண்டியிருக்கும். எடுத்த சீட்டைத் திரும்பப் போடுவது, போடாதிருப்பது என்று பாடப்புத்தகத்தில் இரண்டே வார்த்தைகளில் கடந்துபோகும் பேதம், இங்கே நான்கு வீட்டு அடுப்பின் விவகாரம்.

இந்த நுட்பங்கள் நம்மவர்க்குப் புதியவையா என்ற கேள்வி எழுந்தபோது என் நினைவு மரக்காணத்திலிருந்து வடமேற்கே, பழைய தொண்டை நாட்டு உத்திரமேரூருக்குப் போயிற்று. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, முன்னதைத் திருத்தி விரிவாக்கியது 921-ஆம் ஆண்டினது. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. நிலம், வீடு, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளோடு, 35 வயதுக்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்திருக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் எல்லாரும் அறிந்தவை. மேடைகளில் ஜனநாயகத்துக்கு மேற்கோளாக அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுபவை. தகுதி யாருக்கு இல்லை என்பதை மேடைகளில் அவ்வளவாகச் சொல்லுவதில்லை; அது வேறு கட்டுரைக்குரிய விஷயம். குடத்தைக் குலுக்கிய விதமே என்னைக் கவர்ந்தது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயரெழுதிய வாயோலையோடு கட்டாகக் கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இட்டார்கள். இளையோரும் முதியோருமாக மகாசபை நிறைந்திருக்க, ஊரிலுள்ள கோயில் நம்பிமார்களில் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன், பட்டப்பகலிலே, ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே அதை வாங்க வேண்டும். வாங்கிப் படித்ததை அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் படிக்க வேண்டும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களிலிருந்து ஆண்டு வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? மூடிய விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடும் என்பதனால்தான். சிறுவன் ஏன்? பெரியவனுடைய கைக்கு ஓலையின் முகம் தெரிந்துவிடும். நிகழ்தகவு என்ற பெயரே இல்லாத காலத்தில், பின்னத்தை எழுதிக் காட்டாமலே, அந்தப் பின்னம் செல்லுபடியாவதற்கு வேண்டிய நிபந்தனைகளை ஒன்றுவிடாமல் அந்தச் சபையார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரு பிரெஞ்சு மேதைகள் சூதாட்டப் பந்தயத்தைப் பங்கிடும் வகை குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டு இந்தச் சாஸ்திரத்துக்கு அடிக்கல் நாட்டியது 1654-ல்; அதற்கு எழுநூறு வருஷங்களுக்கு முந்தியது இந்தக் கல்வெட்டு. கயிற்றால் பிணித்த குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் காட்சியோ அகநானூற்றின் 77-ஆம் பாட்டிலேயே உவமையாக வந்துவிடுகிறது. ஆனாலும் நம்மவர் கணக்கைச் செய்துவிட்டார்கள் என்று மார்தட்டுவது சரியல்ல. அவர்கள் செய்தது குலுக்கலை, கணக்கைச் செய்தவர்கள் அந்தப் பிரெஞ்சுக்காரர்களே.

ஓலைகளையெல்லாம் ஒரே குடத்தில் கொட்டி முப்பது ஓலைகளை எடுத்திருந்தால் போதாதா, எதற்கு இரண்டு குடம், இத்தனை கட்டு? குடும்புக்குப் பத்துப் பேர் வீதம் 300 ஓலைகள் என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் பார்த்தேன். மொத்தமாகக் கொட்டி முப்பதை எடுத்தால், ஒரு குறிப்பிட்ட குடும்பிலிருந்து ஒருவர்கூட வராமற்போவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 34; அதாவது சராசரியாகப் பத்துக் குடும்புகள் வாரியத்தில் ஆளில்லாமல் நிற்கும், வேறு சில குடும்புகளிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். யாரும் மோசடி செய்யாமலே இது நடந்துவிடும். கட்டாகக் கட்டியதால் அந்த அபாயம் அடியோடு நீங்கியது. பதிலுக்கு வேறொன்று நேர்ந்தது: ஐந்து பேர் உள்ள குடும்பில் ஒருவனுக்கு 1/5, பத்துப் பேர் உள்ள குடும்பில் 1/10. குடும்புகளுக்குள் சமத்துவம், ஆட்களுக்குள் ஏற்றத்தாழ்வு. இரண்டையும் ஒரே குடத்தில் பெற முடியாது.

குலுக்குவதை அலட்சியமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க தேசத்தில் ஒரு பிரத்தியட்ச உதாரணம் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞர்களைச் சேர்ப்பதற்காக 1969 டிசம்பர் 1-ஆம் தேதி, வருஷத்தின் 366 தேதிகளையும் தனித்தனிக் குப்பிகளில் அடைத்துக் குலுக்கி எடுத்தார்கள். எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு முதலில் அழைப்பு. குப்பிகளை ஜனவரியில் தொடங்கி மாதவாரியாகப் பெட்டியில் போட்டு, போதிய அளவு கலக்காமல் விட்டதால், கடைசியில் போட்ட மாதங்கள் மேலாகவே தங்கிவிட்டன. அந்தக் குலுக்கலின்படி அழைக்கப்பட்ட கடைசி எண் 195. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் அதற்குள் அடங்கிவிட்டன. டிசம்பரில் பிறந்த பிள்ளைகள் கலக்காத பெட்டிக்காகக் களத்துக்குப் போனார்கள்.

மரக்காணத்து உப்புக்கும் இது பொருந்தும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழி, கொதிக்கும் நீர் அரிசியை இடைவிடாமல் புரட்டிக்கொண்டே இருப்பதால் மெய்யாகிறது. உப்பு அம்பாரத்தை யாரும் புரட்டுவதில்லை. மேலே உள்ளது வெயிலில் உலர்ந்து பளிச்சென்றிருக்கும், அடியில் உள்ளது நீர் கோத்து மண்ணும் கலந்திருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளித் தரம் சொல்கிறவன் உச்சிக்கு மட்டுமே தரம் சொல்கிறான். மகாபாரதத்து நளன் கதையில், தேரில் போகும்போதே தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் கணக்கிட்டுச் சொன்ன இருதுபன்னன், சூதாட்டத்தின் ரகசியமும் அறிந்தவனாகவே வருகிறான். சிறிதைக் கண்டு பெரிதை மதிப்பிடுவதும் பகடையின் போக்கை அறிவதும் ஒரே வித்தையின் இரண்டு கிளைகள் என்பது அந்தப் பழங்கதை சொன்னவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இக்காலத்திலும் குடம் ஓயவில்லை. தேர்தலில் இருவர் சமமான வாக்குகள் பெற்றால், 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, தேர்தல் அதிகாரி சீட்டுக் குலுக்கியே வெற்றியைத் தீர்மானிக்கிறார். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பங்கள் மிகுந்தால் அங்கேயும் குலுக்கல்தான்.

கொட்டகையை மறந்துவிட்டேன். கணக்கைச் சொல்லி முடித்ததும் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். வாய் குறுகி, சீட்டுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. சுழி போட்ட சீட்டைக் கடைசியில் போட்டதாகச் சொன்னார்கள். அப்படியானால் அது மேலேதான் கிடக்கும், முதலில் கை விடுகிறவளுக்கு உண்மையாகவே யோகந்தான், இளையவளின் வாதம் வேறு காரணத்தால் ஜெயித்துவிடும் என்றேன். உடனே ஒருத்தி எழுந்து உப்புக் கூடையொன்றை உதறித் துடைத்துக் கொண்டுவந்தாள். சீட்டுகளை அதில் கொட்டி, இரண்டு கைகளாலும் அளைந்து, மேலே ஒரு துண்டை மூடினார்கள்.

“அப்ப எப்ப எடுத்தாலும் ஒண்ணுதானா?” என்றார் ஆயா.

“ஒண்ணுதான் ஆயா.”

“அப்பச் சரி. எல்லாரும் எடுத்துட்டுக் கூடைய இங்க தள்ளுங்க. முழங்கால் வலிக்குது, எந்திரிக்க முடியல.”

கூடை வட்டமாகச் சுற்றி வந்தது. எல்லாரும் எடுக்கும்வரை யாரும் பிரிக்கக் கூடாது என்று நான் சொன்னதை, ஒரே ஒருத்தி திருட்டுத்தனமாக ஓரம் விலக்கிப் பார்த்ததைத் தவிர, மற்றவர்கள் காப்பாற்றினார்கள். சுழி, அந்த வழக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழாவதாகக் கை விட்டிருந்த ஒரு பெண்ணுக்கு வந்தது. அவள் சீட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் சீட்டைக் கசக்கி எறிந்தார்கள். ஆயா மட்டும் தம்முடைய வெற்றுச் சீட்டை நீவி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தபடி, பஸ் கிளம்பிவிட்டதாக யாரோ கூப்பிட எழுந்த என்னைப் பார்த்து, “அடுத்த மாசம் பதினொண்ணுல ஒண்ணு, இல்ல சார்?” என்று கேட்டார்.